நாளைக்கு வரும்

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

நானும் சிட்டுவும் நன்றாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி? லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதி நர்ஸிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நீ அழுகிறாய், ஆறாவது நிமிஷம் நான் கத்துகிறேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பைப் கடை பரவாயில்லை. எதிர்ப்பக்கம் புதிதாக ஒருவன் இதே சாமான்களோடு கடை போட்டிருக்கிறான். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் உண்டு. குழாயைத் திருப்பும் எல்போ எது, மூன்று பக்கம் பிரிக்கும் டீ எது என்று அவனுக்கே இன்னும் பிடிபடவில்லை. அதனால் பயமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் சிட்டுவுக்கு ஒண்ணுதான், என்னைத் தேடறதே இல்ல" என்றாய். அதற்கு என்னிடம் பதில் இப்போது இருக்கிறது.

ஆறு வயதாகியும் தானாக ஒரு வார்த்தை பேசாதவள், நான் கடையில் பேசுவதை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறாள் என்றேனே. பால் கொடுத்தால் "ஸ்டாக் இல்ல" என்பாள். குளிக்கக் கூப்பிட்டாலும் அதேதான். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கு மானம் போயிற்று. கடைப் பேச்சுதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று மூன்று மாதம் அவளைக் கடைப்பக்கமே விடாமல் பகலெல்லாம் என் தங்கை வீட்டில் வைத்திருந்தேன். உன்னிடம் இதை மறைத்துவிட்டேன். அந்த மூன்று மாதமும் பிள்ளை வாயே திறக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி டீச்சர் இதைக் கேட்டு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சில குழந்தைகள் ஒவ்வொரு வார்த்தையாகக் கற்குமாம். சில குழந்தைகள் முழு வாக்கியத்தையே பொட்டலமாக எடுத்துக்கொண்டு, பிறகு மெல்லப் பிரிக்குமாம். "அவ 'ஸ்டாக் இல்ல'ன்னா 'வேண்டாம்'னு அர்த்தம் சார். அவ பேசிக்கிட்டுதான் இருக்கா" என்றார். அப்படியானால் நம் பெண் மொத்த வியாபாரி, சில்லறைக்கு இன்னும் இறங்கவில்லை என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு தூரம் பிரிக்க வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மறுநாளே அவளைக் கடைக்குக் கூட்டி வந்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். சாமான் தீர்ந்தால் அந்தப் பெட்டியை அலமாரியில் கவிழ்த்து வைப்பேன், சரக்கு வந்ததும் நிமிர்த்துவேன். கேட்டு வருகிறவர்களிடம் "நாளைக்கு வரும்" என்பேன். பாதி நேரம் அது பொய்.

போன புதன்கிழமை நீ பேசி வைத்த பிறகு, சமையலறைக்குப் போய் உன் நீலக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். விளையாட்டு என்று நிமிர்த்தினேன். மறுபடி கவிழ்த்தாள். மூன்றாம் தடவை என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "அம்மா நாளைக்கு வரும்."

என் கடையில் 'அம்மா' என்று ஒரு சாமான் கிடையாது. அந்த வார்த்தையை அவளே தேடி எடுத்துவந்து பொட்டலத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். 'வரும்' இல்லை, 'வருவாங்க' என்று திருத்த வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கோப்பையைப் பார்த்துவிட்டு அதையே சொல்கிறாள். தேடவில்லை என்றாயே, இதற்கு வேறு என்ன பெயர்? கடையில் இப்போது சரக்கு இல்லையென்றால் "எப்ப வரும்னு தெரியாது" என்று உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

பயிற்சிச் செலவுக்காகத்தான் நீ அங்கே கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம் சரக்கு குடோனை விற்றுவிட்டால் சமாளிக்கலாம், தரகரிடம் பேசிவிட்டேன். கையெழுத்துப் போடாதே. எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் எழுது. காலண்டரில் வட்டம் போட்டு அவளுக்குக் காட்ட வேண்டும்.

கோப்பையை நான் தொடுவதில்லை. சுற்றிலும் தூசி தட்டுவதோடு சரி. நீ வந்து நிமிர்த்து.

உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் பைப் கடைக்காரன்