உலகநாதன் மாமாவின் இரட்டிப்பு வித்தை

குகட்பள்ளி,
12.9.2004

அன்புள்ள ரஞ்சனுக்கு, சித்தப்பா தேவராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி தங்கமும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே வியாதி, வயிற்றெரிச்சல், அதை ஹுசைன் சாகரில் இறக்கினால் ஏரியே கொதித்துவிடும்.

உன் தாய்மாமன் உலகநாதன் உன்னிடம் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்த நாள் முதலாய் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் அவர்தான் நிஜாம். ராமச்சந்திராபுரம் போய்ச் சேரும்வரை லாஸ் வேகஸ் புராணம்தான். இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து தேய்த்த ஜன்னல் சீட்டை, சொல்லுங்கண்ணா சொல்லுங்கண்ணா என்று அவருக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் துரோகிகள். அப்பா இல்லாத உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான், கரண்ட் போன நேரமெல்லாம் சீட்டுக்கட்டில் இருபத்தொன்று ஆடக் கற்றுக் கொடுத்தவனும் நான், நீ கேசினோவுக்குக் கூட்டிப்போனது அவரையா?

வித்தை என்னவென்றால், முதலில் ஒன்று கட்டு, தோற்றால் இரண்டு, மறுபடி தோற்றால் நாலு, பிறகு எட்டு, என்றைக்கு ஜெயித்தாலும் போனதெல்லாம் திரும்பி, மேலே ஒன்று லாபமாம், உடனே பழையபடி ஒன்றுக்கு இறங்கிவிட வேண்டுமாம். குபேரனுக்கே தெரியாத ரகசியம் போல மாமா மீசையைத் தடவுகிறார். பொறுக்காமல் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பந்தயம் உஸ்மானியா பிஸ்கட், எதிரே சீட்டுப் போடும் பேங்க் உன் சித்தி. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, நாலு ஆட்டமும் போச்சு. அடுத்து பதினாறு கட்ட வேண்டும், மாமாவிடம் மிச்சம் ஐந்து. தங்கம்மா, கொஞ்சம் கடன் கொடு, அடுத்த ஆட்டம் கட்டாயம் எனக்குத்தான் என்று கெஞ்சினார். உன் சித்தி நக்கோ அண்ணா, கடன் கிடையாது என்று சொல்லி, ஜெயித்த பிஸ்கட்டை நிதானமாக டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேசினோவும் இதைத்தான் செய்யும் போல, நம் டப்பா காலியாகும்வரை காத்திருக்கும், போதாததற்கு இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்று மேஜையில் போர்டு வேறு வைத்திருக்குமாமே. நீயும் அந்தப் பக்கம் அடிக்கடி போகாதேடா கண்ணா.

நான் சிரித்த சிரிப்பு போலாரம் பட்டாளத்துக்கே கேட்டிருக்கும். மாமா அந்தக் கோபத்தில் உளறிவிட்டார். அங்கே மேஜையில் உட்கார்ந்ததும் நீ சொன்னாயாமே, இந்த இடத்தில் என் சித்தப்பா இருந்திருக்க வேண்டும் என்று. ஊர் முழுக்கப் புராணம் பாடிய மனுஷன் இந்த ஒரு வரியை மட்டும் பத்திரமாக முழுங்கியிருக்கிறார். கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது, ஆனால் பொறாமை அடங்கவில்லை, ஏனென்றால் இருந்தது அவர்தானே.

ஆகவே முறைப்படி கேட்கிறேன், அவருக்கு இரண்டு வாரம் என்றால் தோற்ற எனக்கு நாலு வாரம். கேசினோ வேண்டாம், உன் சாப்பாட்டு மேஜை போதும், பிஸ்கட் நான் கொண்டு வருகிறேன். நீ நீடூழி வாழ்ந்து, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி, என்னைப் போல் அழகான பிள்ளைகளைப் பெற வேண்டும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப மறக்காதே, தாமதித்தால் அடுத்தது எட்டு வாரம்.

இப்படிக்கு,
ஜன்னல் சீட் போய் நடுவில் நசுங்கும் உன் சித்தப்பா,
தேவராஜ்