மாவு அறையின் காற்று

மார்ச் 3
பேக்கரியில் மாவு மூட்டையை அவிழ்த்ததும் மறுபடி நெஞ்சு இறுகிவிட்டது. இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு இயந்திரத்தில் மாவைக் கொட்டினேன். தினமும் போட வேண்டிய இன்னொரு இன்ஹேலரை நிறுத்தி ஒரு மாதமாகிறது. நன்றாக இருக்கும்போது எதற்குக் காசைக் கரியாக்குவது?

மார்ச் 4
நன்றாக இல்லை.

மார்ச் 9
ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்திலேயே விழுந்துவிட்டேனாம். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓட, பிசைந்த மாவு புளித்து வழிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போகவில்லை. ஒருத்தனுக்கு மூச்சு முட்டினால் ஊர்ப் பிள்ளைகள் பசியோடு உட்கார வேண்டுமா? உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் 12
மனைவி என் கட்டிலோடு இருக்கிறாள். அவள் போகாததால் தையல் கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். அவள் மறைத்தாள், அவளுடைய அக்கா வந்து போட்டு உடைத்துவிட்டாள்.
"ஏன் சொல்லல?"
"சொன்னா பெருமூச்சு விடுவீங்க. இருக்குற மூச்சுக்கே இங்க தட்டுப்பாடு."
சிரித்தேன். சிரித்தால் இருமல்.

மார்ச் 13
டாக்டரம்மா திட்டினார். "மருந்துல மிச்சம் பிடிச்சீங்க. இப்ப உங்க சம்பளம், அவங்க வேலை, இந்தக் கட்டிலுக்குக் கட்டுற காசு எல்லாம் சேர்ந்துல்ல போகுது?" மாவுத் தூசிதான் காரணமாம். அந்த அறைப் பக்கமே போகக் கூடாதாம்.
எனக்கு வேறு என்ன தெரியும்?

ஏப்ரல் 2
முதலாளி கைவிடவில்லை. ரொட்டி வண்டி ஓட்டச் சொல்லிவிட்டார். சம்பளம் குறைவு. மருந்தைத் தவறாமல் எடுக்கிறேன். மாடிக் கடைக்கு ரொட்டித் தட்டோடு ஏறினேன், நடுவில் நிற்கவில்லை! மனைவிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் துணியைத் தைத்துக் கொடுக்கிறாள்.

மே 20
என் இடத்துக்கு வந்த புது ஆள் இருமுகிறார். "சளிதாண்ணே" என்றார். சளியா? நெஞ்சுக்குள் கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குத் தெரியாதா?
நேரே முதலாளி அறைக்குப் போய்விட்டேன். இந்த வேலையும் போனால்?
"தூசிய இழுக்குற மெஷின் போடுங்க முதலாளி."
"அது என்ன விலை தெரியுமாய்யா?"
"நான் விழுந்தது என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியும். கைவிட்டுப் போன பள்ளிக்கூடத்து ஆர்டர் திரும்பி வந்துச்சா? அடுத்து இவரையும் வண்டிக்கு மாத்துவீங்களா? இருக்குறது ஒரே வண்டி."
அவர் போ என்று கையைக் காட்டினார்.

ஜூன் 8
தூசி இழுக்கும் மெஷினுக்குக் குழாய் பொருத்த இன்று மாவு அறைச் சுவரை உடைத்தார்கள். நாள் முழுக்க முதலாளியின் முணுமுணுப்பு. புது ஆள் டாக்டரம்மாவிடம் போயிருந்தார். பிசைய ஆளில்லை, ரொட்டி தாமதம். கடைக்குக் கடை எனக்குத்தான் திட்டு.
வண்டியை நிறுத்தும்போது புது ஆள் ஓடி வந்து சொன்னார்: "இன்னைக்கு லீவுக்கு முதலாளி சம்பளம் பிடிக்கலண்ணே."