உங்கள் கைராசி பட்ட கழுத்து

மாமா, இன்று காலை நான் ஸ்கேன் எடுக்கும் அறையில் ஒரு சிறுமியின் அம்மா கைப்பையைத் திறந்தாள். குப்பென்று ஏலக்காய் வாசனை. உடனே உங்கள் விரல்கள் என் கழுத்துக்கு வந்துவிட்டன. பாவி மனுஷன், எப்போதும் ஏலக்காய் மென்றுகொண்டேதானே இருப்பீர்கள்!

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் நீங்கள்தான் டாக்டர். மதுரைக்காரர், கைராசிக்காரர். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்று இந்தியில் மல்லுக்கட்டுவதைவிட நம்மவர் கை பட்டால் போதும் என்று அம்மா நம்பினாள். எனக்குப் பத்து வயது. கழுத்தின் நடுவே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. "எச்சில முழுங்கு தாயி" என்றீர்கள். விழுங்கினேன், கட்டி ஏறி இறங்கியது. "நீர்க்கட்டிதான். எடுத்துட்டாத் தீந்துச்சு."

"ஸ்கேன் ஏதாச்சும் எடுக்கணுமாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம பிள்ளைக்கு எதுக்கும்மா அலைச்சல்? இந்த விரல் போதாதா?"

போதவில்லை, மாமா. நான் பிறக்கும் முன்பே நாக்கடியிலிருந்து கழுத்தின் அடிவரை இறங்கியிருக்க வேண்டிய தைராய்டு பாதி வழியிலேயே நின்றுவிட்டிருந்தது. நீர்க்கட்டி என்று நீங்கள் வெட்டி எறிந்தது எனக்கு இருந்த ஒரே தைராய்டை. பிறகு முகம் வீங்கியது, தில்லி வெயிலிலும் குளிரெடுத்தது, வகுப்பில் தூங்கி விழுந்தேன். "வளர்ற பிள்ளை, தூங்கட்டும்" என்று அதற்கும் சிரித்தீர்கள். வேறொரு டாக்டர் ரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, கழுத்து காலி என்று கண்டுபிடிப்பதற்குள் என் அந்த வருஷப் படிப்பு நாறிப்போயிருந்தது. "நல்ல மனுஷன், தெரியாமப் பண்ணிட்டாரு. அவர் பேரக் கெடுத்துடாதடி" என்று அம்மா என் வாயை அடைத்தாள். உங்கள் இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குக் கைராசி, கைராசி என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று அந்தச் சிறுமியை அனுப்பியது உங்கள் மகன். நீர்க்கட்டியாம், சனிக்கிழமை ஆபரேஷனாம், கட்டியின் அளவைச் சொன்னால் போதுமாம். நான் கருவியைக் கட்டிக்குக் கீழேதான் முதலில் வைத்தேன். எந்தக் கழுத்திலும் அங்கேதான் தொடங்குவேன். தைராய்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மேலே கட்டியில் சொட்டு நீர் இல்லை, முழுக்கக் கெட்டிச் சதை.

"பெரிய டாக்டரோட கைராசி மகனுக்கும் இருக்குன்னு ஜனக்புரியில நம்ம தமிழாளுங்க சொன்னாங்களே" என்றாள் அந்த அம்மா.

"கைராசிய விடும்மா. உன் பொண்ணு கழுத்துல யாரும் கத்தி வைக்கக் கூடாது" என்றேன். அவள் எதிரிலேயே உங்கள் மகனைப் போனில் பிடித்தேன். "தம்பி, ஆபரேஷன நிறுத்து. இவளுக்கு இருக்கிற தைராய்டே இந்தக் கட்டிதான்."

"பக்காவாக்கா? அப்பா இப்படி எத்தனையோ எடுத்திருக்காரே. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லயே."

"ஆச்சு. எனக்கு ஆச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன், மாமா, ஒன்று விடாமல். "எங்கப்பாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். "இனிமே ஸ்கேன் பாக்காம எந்தக் கழுத்தையும் தொட மாட்டேன்க்கா" என்றான். அந்தச் சிறுமி தன் தைராய்டோடு வீட்டுக்குப் போனாள்.

எனக்கு மட்டும் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. சாகும்வரை. போட்ட பிறகு அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது. டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையை மோந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணியை உங்களைத் திட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். நாளைக்கும் திட்டுவேன், மாமா.