எட்டாம் வகுப்பில் உடைந்த ஸ்கேல்

மஞ்சக்குப்பம்,
ஞாயிறு.

அன்பு மகள் சுவாதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. "என்னம்மா ஆச்சு, மனசுல இருக்குறத கொட்டிடும்மா" என்பாய், அந்தக் கேள்வியைத்தான் இப்போது தாங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

தை மாதம் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிற இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் வலைத் தகராறில் வெட்டுக்குத்து நடந்தது உனக்குத் தெரியும். பக்கிரி என்பவரைக் கடற்கரையிலேயே வெட்டிப் போட்டார்கள், அவர் மகன் பூவரசன், எட்டாம் வகுப்பு, கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அதன்பிறகு எங்களைச் சிதம்பரத்துக்குக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள், பிள்ளைகளை மனம் விட்டுப் பேச விடுங்கள் என்றார்கள். ஒரே நாளில் கற்றுக்கொள்கிற விஷயமா இது என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் வாத்தியார்கள், எதைக் கொடுத்தாலும் அதைப் பாடமாக்கத்தான் தெரியும். தலைமையாசிரியர் ஞானசேகரன் அதற்கும் டைம்டேபிள் போட்டார். தினமும் முதல் பீரியடில் பிள்ளைகள் ரோல் நம்பர் வரிசையில் எழுந்து நின்று பார்த்ததைச் சொல்ல வேண்டும், கடைசி நம்பர் முடிந்தால் மறுபடியும் முதலில் இருந்து, யார் பீரியடோ அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். "ரத்தம் மணல்ல ஊறல டீச்சர், மேலயே நின்னுச்சு, எங்கப்பா கை தனியா கெடந்துச்சு, வெரலு அசஞ்சிச்சு" என்பான் பூவரசன், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல் மாறாமல். தமிழ் எடுக்கிற பட்டம்மாள் டீச்சர் அரிவாள்மணையைத் தொட முடியாமல் வீட்டில் சமைப்பதையே விட்டுவிட்டார். கணக்கு ஸ்ரீதர் சார், நம் வீட்டுக்கு வந்தால் பூனைக்குக்கூட வழிவிட்டு நடப்பவர், ஸ்டாஃப் ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். எனக்கோ அழுகிற பிள்ளையைப் பார்த்தால் இரக்கம் வரவில்லை, சீக்கிரம் முடித்துத் தொலையேன் என்றிருந்தது. அப்பனைப் பறிகொடுத்தவன் அவன், கேட்கிற நமக்கு என்ன வந்தது என்று நினைத்து, எங்களுக்குள் நடப்பதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வாரம் ஸ்ரீதர் சார் பீரியடில் பூவரசன் முறை வந்தது. அவன் ஆரம்பித்ததும் வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ராகம் போட்டுச் சொன்னது, அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான், பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கே கேட்டது. பிறகு "நிறுத்துடா, நிறுத்துடா" என்று ஸ்ரீதர் சார் குரல். நான் ஓடினபோது போர்டில் கோடு போடுகிற பெரிய மர ஸ்கேலால் அடித்துக்கொண்டிருந்தார். பையன் தரையில் சுருண்டு கையால் தலையை மூடியிருந்தான், அந்தக் கைமேலேயே அடி விழுந்தது, எலும்பு முறிந்ததா ஸ்கேல் உடைந்ததா என்று சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. உடைந்த துண்டை நான் பிடுங்கினேன். பிடுங்கியதோடு நிற்கவில்லை சுவாதி, அதாலேயே ஸ்ரீதர் சாரை அடித்தேன், முகத்திலும் தோளிலும், அவர் கீழே உட்கார்ந்த பிறகும், பட்டம்மாள் டீச்சர் என் இடுப்பைக் கட்டி இழுத்துப் போகும்வரை. அடிக்கும்போது கோபம்கூட இல்லை, நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பையன் கையில் மாவுக்கட்டு. புதன்கிழமை விசாரணை. படியில் விழுந்துவிட்டான் என்று பள்ளியில் இருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று ஸ்ரீதர் சார் நம் வீட்டுக்கு வந்தார், கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "நீங்க அடிச்சத நான் எங்கயும் சொல்லல டீச்சர், பைக்குல விழுந்தேன்னுதான் சொன்னேன், நீங்களும் பாக்கலன்னு சொல்லிடுங்க, ரெண்டு பேரு வேலையும் தப்பிச்சிடும்" என்று அழுதார். அப்பாவும் "அந்தாளு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார். ஸ்ரீதர் சார் போன பிறகு பூவரசனின் அம்மா செல்லாயி வந்தாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "பேசு பேசுன்னீங்க, பேசுனதுக்கு அடிச்சீங்க. இப்ப பாத்த பெரியவங்க யாரும் இல்லன்னா புள்ளையத்தான் கூட்டியாரணுமாம், அன்னிக்கி என்னாடா சொன்ன, மொதல்லேர்ந்து சொல்லுன்னு கேப்பாங்களாம். தூக்கத்துல பல்லக் கடிக்கிறான் டீச்சர். இன்னொரு தபா அவன சொல்ல வெக்காதீங்க" என்றாள்.

அதனால் புதன்கிழமை நான் போய்ச் சொல்லப்போகிறேன், அவர் அடித்ததை, நான் அடித்ததை, ரோல் நம்பரை, எல்லாவற்றையும். ஸ்ரீதர் சாரிடமும் சொல்லிவிட்டேன், கேட்டதும் போனை வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் சஸ்பென்ஷன் வரலாம், வரட்டும். சிதம்பரத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கவும் ஒத்துக்கொண்டிருக்கிறேன், எழுந்து நின்று சொல்லச் சொன்னால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாய். அழுகிற குழந்தைமேல் எரிச்சல் வந்தால் டயர்டு என்று தள்ளிவிடாதே, அன்றைக்கே வாயைத் திறந்து வேறு டியூட்டி கேள். நான் கேட்கவில்லை.

டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது, உனக்கு உண்டு. புதன்கிழமை சாமி கும்பிட்டால் என் வேலைக்காக வேண்டாம், நான் சொல்லி முடித்ததும் போதும் என்று அவர்கள் ஃபைலை மூட வேண்டும், அந்தப் பையனைக் கூப்பிடக் கூடாது, அதற்கு வேண்டிக்கொள்.

உன் அம்மா,
திலகவதி