யார் வந்து போனது

சேசு மரி சூசை துணை

டெய்ரி ஃபார்ம்,
10-9-1963

அன்புள்ள என் கணவர் அவர்களுக்கு, கிளாரா எழுதிக்கொண்டது. நானும் அத்தையும் சுகம். நீங்கள் ஒளிந்திருக்கும் காட்டு மரக் கூப்பில் காய்ச்சல் பரவுகிறது என்று படகுக்காரத் தாமஸ் சொன்னான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ஃபீனிக்ஸ் பே துறைமுக வேலைநிறுத்தம் முடிந்து எத்தனையோ கப்பல் வந்து போய்விட்டது. அதை முன்னின்று நடத்திய உங்களைத் தேடுவதை மட்டும் போலீஸ்காரர்கள் விடவில்லை. ராத்திரியில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்று டெல்லிப் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டதாம். யூனியன் ஜம்புலிங்கம் அண்ணன் கப்பலில் வந்த மெயின்லேண்ட் பேப்பரில் படித்தாராம். நானும் தைரியமாக அதைப் போலீஸ் ஜமாதாரிடம் சொன்னேன். அவன் சிரித்தான். இப்போது சாயங்காலம் வருகிறான்.

ஜெபமாலை சொல்லும்போது நாம் கதவைச் சாத்துவதில்லையே. அக்கம்பக்கத்தார் வந்து முழங்காலிடுவார்கள். அவர்களோடு இவனும் பூட்சைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்று, கொடியில் ஆண்பிள்ளை வேட்டி கிடக்கிறதா என்று பார்க்கிறான். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கதவைத் தாழிட்டுவிட்டு ஜெபம் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது. ஜெபத்துக்குக் கதவடைக்கும் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் அக்காவே பேசுகிறாள்.

இருக்கிறதுதான். ஏப்ரலில் பாஸ்கா பண்டிகைக்கு மரம் ஏற்றிய படகில் ஒளிந்து வந்து, அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அம்மாவுக்கு வாய் நிற்காது, சொல்லாதே என்றீர்கள். சொல்லவில்லை. இது எனக்கு ஐந்தாம் மாதம். சேலையை எப்படிக் கட்டினாலும் இனி மறையாது.

மாதா திருநாளன்று ஜமாதார் என் வயிற்றைப் பார்த்தான். உன் ஆத்மி, உன் புருஷன், வரவே இல்லை என்றாயே, பின்னே யார் வந்து போனது என்று எல்லார் முன்னும் கேட்டான். வந்தீர்கள் என்றால் உங்களைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். வரவில்லை என்றால் நான் யார்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அத்தை என் கையால் சோறு வாங்குவதில்லை.

ராத்திரிக் கதவுக்குக் கோர்ட்டு பேசியது, சரி. ஒருத்தியின் வயிற்றைப் பார்த்து இப்படிக் கேட்கக் கூடாதென்று எங்காவது சொல்லியிருக்கிறதா? ஜம்புலிங்கம் அண்ணனிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் வேலை ஓடவில்லை.

நீங்கள் வரவேண்டாம். வந்தால் பிடித்துவிடுவார்கள். ஊர் பேசுவதை நான் தாங்கிக்கொள்வேன். பிள்ளை உங்களுடையது என்று ஒரே ஒரு வரி எழுதித் தாமஸ் கையில் கொடுத்தனுப்புங்கள். யாருக்கும் காட்டமாட்டேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன்.

மாதா உங்களைக் காப்பாளாக.

உங்கள்
கிளாரா