இறக்கைக்கு அடியில் ஒரு பெயர்

திண்டுக்கல்
நவம்பர் 6

அன்புள்ள ஜெரோமுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை விட்டுவிட்டால். நீ இங்கிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதி சொல்வதற்குள் நீ சிரித்துவிடுவாய், இல்லாவிட்டால் உனக்கு ஷிப்ட் வந்துவிடும். அதனால் பார்சலுக்குள்ளேயே கடிதத்தை வைக்கிறேன். நான்கு நாளாக இங்கே மழை. கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு, ஒரு மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை, தாத்தா கல்லறைக்கு அடித்த வெள்ளை இரண்டே நாளில் வழிந்துவிட்டது. அப்பா சிறுமலைப் பழம் ஒரு தார் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார், தின்ன ஆள் எங்கே என்று யோசிக்காமல்.

விஷயம் உன் விமானத்தைப் பற்றியது. நீ சனிக்கிழமைகளில் போய்ச் சும்மா வேலை செய்துவிட்டு வருகிறாயே, அந்தப் பழைய டக்கோட்டா. அதன் வலப்பக்க இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யப் பணம் சேராவிட்டால் வருகிற ஆகஸ்ட் பதினைந்து, ஜப்பானோடு உலகப் போர் முடிந்த நினைவு நாளில் அது பறக்காது, பணம் கொடுப்பவர் பெயரை இறக்கைக்கு அடியில் எழுதுவார்கள் என்று நீ அனுப்பியதைத் தமிழில் எழுதி நம் கோவில் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீ கேட்டதற்காகத்தான் போட்டேன். எண்பது வயதான போர் விமானத்தை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைக்காமல் ஏன் இவ்வளவு செலவு செய்து பறக்கவிட வேண்டும் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டது என் தப்பு. "ஓடுனாத்தான் ஜெஸ்ஸி அது வண்டி, நிறுத்திப் போட்டா வெறுந்தகரம்" என்று சொல்லிவிட்டு அந்த இன்ஜினுக்குச் சாமான் எங்கே கிடைக்கும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

தவறு நடந்தது என் தமிழில்தான். "பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் என்னிடம் கொடுக்கலாம், அந்தப் பெயர் இறக்கைக்கு அடியில் எழுதப்பட்டு நினைவு நாளில் பறக்கும்" என்று எழுதிவிட்டேன். அது அக்டோபர் மாதம். அந்த மாதத்தில் நம் பங்குக் கோவிலில் பெயர் கொடுப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான், நவம்பர் இரண்டாம் தேதிப் பூசையில் வாசிப்பதற்கு இறந்தவர்கள் பெயரை எழுதிக் காணிக்கையோடு கொடுப்பது. பிறந்ததிலிருந்து இதே பங்கில் இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. குழுவைத் தாண்டித் தெரு முழுக்கச் செய்தி பரவி, ஒரே வாரத்தில் பணத்தோடு முப்பத்தெட்டுப் பெயர் வந்தது, நம் ஆட்கள் இவ்வளவு தாராளமா என்று எனக்குச் சந்தேகம்கூட வந்தது. பட்டியலைக் கணினியில் ஏற்றும்போதுதான் பார்க்கிறேன், பதினொன்றாவது பெயர் பக்கத்து வீட்டு கிதர் முகம்மது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. திரும்ப முதலிலிருந்து படித்தேன். பூக்கடை சண்முகவள்ளி கொடுத்த பெயர் ஒன்றைத் தவிர யாருமே உயிரோடு இல்லை.

உடனே அவர் மனைவி நஜ்முன்னிசாவிடம் போய், இது பணம் கொடுத்தவருக்கானது, உங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றேன். "எம் பேரு எதுக்கு, நாந்தேன் இங்கன இருக்கேன்ல" என்று சிரித்தார். "அம்புட்டு வருசம் லாரி ஓட்டுன மனுசன், ஒருக்காகூட பிளேன்ல ஏறல. போய்ட்டு வரட்டும் விடுங்க." சண்முகவள்ளி கொடுத்தது ஒன்பது வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன அவள் கணவர் பெயர். அவர் உயிரோடு இருக்கிறாரே என்றேன். "அப்படியாக்கா, எங்க இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மேலருந்து பாத்தாவது தட்டுப்படுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு மல்லிகையை முழம் போட ஆரம்பித்துவிட்டாள். கிண்டலா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லாரிடமும் விளக்கிச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தோணிராஜ் ஐயாவிடம் முடியவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது கோவிலில் மணி அடிக்கிறாரே, அவர்தான். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா சவேரிமுத்து பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் நாமெல்லாம் அவரவர் கல்லறையில் நிற்கும்போது அவர் மட்டும் வாசலில் உள்ள பெரிய சிலுவைக்கு அடியில் மெழுகுவர்த்தி வைப்பார், நீயும் பார்த்திருப்பாய். நான் விளக்கம் சொல்லப் போன அன்று பைபிளுக்குள்ளிருந்து ஒரு பழைய அஞ்சலட்டையை எடுத்துக் காட்டினார். பென்சில் எழுத்து, பாதி அழிந்துவிட்டது. மூன்று நாள் பட்டினி, இன்று ஆகாயக் கப்பல் வந்து மேலிருந்து அரிசி மூட்டை போட்டது, சாப்பிட்டோம் என்ற இடம் மட்டும் வாசிக்க முடிகிறது. டக்கோட்டாக்கள் பர்மாவில் அரிசி போட்டன என்று நீ அனுப்பியதில் இருந்ததை நான்தான் குழுவிலும் போட்டிருந்தேன். அது உன் விமானம்தான் என்பதற்கு ஆதாரமில்லை என்று அவரிடம் கறாராகச் சொன்னேன். "இதே பிளேனா இல்லாட்டி என்னத்தா, அதோட அண்ணன் தம்பியா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதன்பிறகு நான் யாரிடமும் விளக்கப் போகவில்லை. காலைப் பூசை முடிந்து வரும்போதெல்லாம் "ஏத்தா, எங்கய்யா பேரு ஏறிருச்சா" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன்.

உங்கள் படிவத்தில் நன்கொடையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. புள்ளியியல் அலுவலகத்தில் இருபத்துமூன்று வருடமாகிறது, தெரிந்தே ஒரு கட்டத்தில் நான் தவறாக எழுதியதில்லை. அந்தக் கட்டத்தில் முப்பத்தெட்டுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். இது பொய்யா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அவர்களை நினைத்துத்தானே பணமே வந்தது, அப்புறம் எப்படிப் பொய் என்கிறார் அப்பா. சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை ஜெரோம். நீ உன் ஆட்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லு. மறைக்காதே. மற்றவற்றை வேண்டாம் என்றால் நான் சமாளித்துக்கொள்வேன், சவேரிமுத்துவை மட்டும் கேட்டுப் பார். முடியாது என்றால் அதையும் சீக்கிரம் சொல்லிவிடு, அவரிடம் சொல்லும் வார்த்தையை நான் இன்னும் தேடவேயில்லை.

காலையில் வெறும் காப்பியோடு வேலைக்குப் போகாதே. ஈர இறக்கைமேல் ஏறி நிற்கிற மாதிரி இனிமேல் படம் அனுப்பாதே, அன்று முழுக்க எனக்கு வேலை ஓடுவதில்லை. பருப்புப் பொடி, மிளகு, அதிரசம் வைத்திருக்கிறேன். மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே. மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் மடித்து நூல் கட்டிய சின்னப் பொட்டலம் இருக்கும். ஒரு கைப்பிடி அரிசி. அந்தோணிராஜ் ஐயா கொடுத்தது. "அன்னிக்கி எறக்கிட்டுப் போச்சுல்ல, திரும்ப ஏத்திக்கிடச் சொல்லு" என்றார். வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் என்னிடம் இருந்தது, ஏன் வாங்கிக்கொண்டேன் என்று தெரியவில்லை. அதைச் சமைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெஸ்ஸி ஸ்டான்லி