இடக்கைக் கடிதம்

மார்ச் 4

அன்புள்ள வாலு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விலாசம் மாற்றிப் போட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். உன் அண்ணன்தான். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. அதனால் நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டு நிரப்பிக்கொள்.

அக்டோபரில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை நானே விழுந்தேன். பக்கவாதம். கால் பாதி தேறிவிட்டது. பேச்சு குழறுகிறது, போனில் கேட்டால் குடித்திருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். வலது கை மட்டும் சட்டையோடு சேர்த்துத் தைத்தது போலத் தொங்குகிறது. கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுவேன் என்று மாணவர்கள் எனக்கு ‘ஸ்கேல்’ என்று பேர் வைத்திருந்தார்களே, அந்தக் கைதான்.

நீ விசாரித்ததாக உன் அண்ணி சொன்னாள். ஐந்து மாதம் கழித்து ஒரு விசாரிப்பு. அப்பா இதே நோயில் ஆறு வருஷம் கிடந்தபோது ஒரு நாளும் வந்து எட்டிப் பார்க்காதவன் நீ. எனக்காக மட்டும் வந்துவிடவா போகிறாய்? எதிர்பார்ப்பு இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு எழுத்தும்.

மருத்துவமனையில் என் கைக்கு ஒரு ரோபோ கொடுத்திருக்கிறார்கள். கண், மூக்கு எல்லாம் கிடையாது. மேசையில் பொருத்திய ஓர் இரும்புக் கை. தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவது போல என் முன்கையை அதில் கிடத்திப் பட்டை கட்டுகிறார்கள். எதிரே ஒரு திரை. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் எட்டு. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நான் பாதியில் நின்றால் அது தாங்கிக் கொண்டுபோகும். ஒரு மணி நேரத்தில் எண்ணூறு அசைவு. மொத்தம் முப்பத்தாறு நாள்.

பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு என் இடது கையைக் கண்டாலே ஆகாது. “சார், எல்லாத்தையும் அதுவே செஞ்சா இது மறந்தே போயிடும்” என்கிறார். தினமும் இரண்டு மணி நேரம் அதற்கு உறை மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் நடக்கும் திருட்டு.

அண்ணன்

•

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்துக் கூட்டி, இரண்டாம் முறை அர்த்தத்துக்காக, மூன்றாம் முறை எத்தனை திட்டு என்று எண்ணுவதற்காக. நான்குதான் இருந்தது. உடம்பு உண்மையிலேயே முடியவில்லை என்று புரிந்துகொண்டேன்.

பட்டறையில் வேலை ஓடுகிறது. சமையலறை அலமாரிகள், பள்ளிக்கூட மேசைகள். என்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டு உளி பிடிக்கப் போனவனுக்கு இது போதும் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அண்ணா. எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா விழுந்த முதல் வருஷம் பதினோரு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். “உன் முகத்துல முழிக்க மாட்டேங்கறார்டா, வந்து அவருக்கு இன்னொண்ணு வர வெச்சுடாதே” என்றீர்கள். வந்தால் அப்பா செத்துப்போவார் என்று பயந்து வராமல் இருந்தவன் நான். கடைசியில் அவரைத் தூக்கிப்போன அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். சண்டைக்காக எழுதவில்லை. கணக்கு வாத்தியார் பெற்ற பிள்ளைகள் நாம். எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்றுதான்.

உங்கள் இரும்புத் தோழனுக்கு என் வணக்கம். அண்ணியை முறைக்காதீர்கள்.

வாலு

•

ஏப்ரல் 11

அன்புள்ள வாலு,

போன வாரம் உனக்கு வேறொரு கடிதம் எழுதத் தொடங்கியிருந்தேன். எட்டுப் புள்ளிகளையும் தொட்டுவிட்டேன், ஒவ்வொன்றுக்கும் மணி அடித்து, திரையில் ‘நன்று’ என்று வருகிறது என்றெல்லாம் பெருமையாக. கிழித்துவிட்டேன்.

உன் அண்ணன் பௌதிக வாத்தியார். சும்மா இருக்க முடியுமா? “இதுல என் பலம் எவ்வளவு, மோட்டார் பலம் எவ்வளவு?” என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சார், நல்லாப் போயிட்டிருக்கு” என்றார். விடவில்லை. கடைசியில் எண்ணைக் காட்டினார். மோட்டாரின் பங்கு நூற்றுக்கு எண்பத்து மூன்று.

மோட்டாரை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். முதல் புள்ளியை நோக்கித் தள்ளினேன். நெற்றியில் வேர்த்தது, பல்லைக் கடித்தேன், தோள் காது வரை ஏறியது. கை அப்படியே இருந்தது. ஒரு மாதமாக நான் கை தட்டிக்கொண்டிருந்தது இன்னொருவர் எழுதிய பரீட்சைக்கு.

அதன் பிறகு அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. காலையும் மாலையும் அவர் கையை இருபது நிமிஷம் மடக்கி நீட்டிவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். நான்கு மாதம் செய்தேன். பிறகு காலை மட்டும். பிறகு ஞாயிறு மட்டும். ஒரு நாள் “நடிக்காதீங்கப்பா, நீங்களே தூக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். இந்தக் கருவி எண்ணூறு முறை தூக்கியும் ஒரு பெருமூச்சு விடுவதில்லை. நான் விட்டிருக்கிறேன். அவர் காதுபட.

அண்ணன்

•

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டு எழுதுவதை முதன்முறையாகப் படிக்கிறேன். பிடிக்கவில்லை. என்னையே திட்டுங்கள், பழகிப்போன குரல்.

ஜூன் இரண்டாம் வாரம் பத்து நாள் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ரோபோ முடிந்த பிறகு வீட்டில் என்ன செய்வீர்கள் என்று யோசித்து ஒரு பலகை செய்துகொண்டிருக்கிறேன். மேசை அகலம், வழவழவென்று இழைத்தது. மணிக்கட்டைத் தாங்க அடியில் நான்கு சின்னச் சக்கரம் வைத்த ஒரு தட்டு. சுற்றிலும் எட்டுக் குழிகள். நானே கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன். மணி அடிக்க வேண்டும் என்றால் அண்ணி கையில் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்துவிடலாம்.

வருமுன் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்டால் இருவராலும் தாங்க முடியாது. அப்பா ஒரு முறையாவது என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றாலும் வருவேன். உண்மையை மட்டும் எழுதுங்கள்.

வாலு

•

மே 28

அன்புள்ள வாலு,

முப்பத்தாறு நாளும் முடிந்தது. கை எவ்வளவு தேறியது என்று அறுபத்தாறுக்கு மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். தொடங்கும்போது பதினெட்டு, இப்போது இருபது. “ரெண்டு கூடியிருக்கே சார்” என்றார் அந்த அம்மா. அளக்கும்போதே இரண்டு மூன்று முன்னே பின்னே வரும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டையைக் கழற்றும்போதே அடுத்த ஆள் சக்கர நாற்காலியில் காத்திருந்தார்.

உன் கேள்விக்கு முதலில் ‘இல்லை’ என்று எழுதினேன். ஒரே சொல். நீயும் பலகையோடு வந்துவிடுவாய். எழுதிவிட்டுத் தாளைப் பார்த்தேன். அது என் எழுத்தாக இல்லை, அப்பாவின் எழுத்தாக இருந்தது.

அவர் விழுந்த எட்டாம் மாதம். பேச்சு போய்விட்டிருந்தது. இடது கையால் ஒன்பது நாள் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ எழுதினார். உன் பட்டறை இருக்கும் திசையில் கையைக் காட்டி, அனுப்பு என்று சைகை செய்தார். “கோழி கிளறின மாதிரி இருக்கு, இதை யார் படிப்பா?” என்றேன். ஆனால் முதல் சொல்லை அன்றைக்கே படித்துவிட்டேன். ‘வா.’ அதற்கு மேல் படிக்கவில்லை. அவர் சிறுநீர்ச் சட்டியை எடுத்தவன் நான். அவர் ஒன்பது நாள் செலவழித்தது உனக்கு. என் பழைய பாடப்புத்தகத்துக்குள் அதைச் செருகினேன். அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது நான். ஆறு வருஷம் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நானும் அவர் கட்டிலை அதே பக்கம் பார்க்கப் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது அந்தத் தாளை முழுதும் படிக்க முடிகிறது. எழுத்து எங்கே சாயும், சுழி எங்கே உடையும் என்று என் இடது கைக்குத் தெரிகிறது. இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் புரியாவிட்டால்:

‘வா. கோபம் இல்லை. அண்ணன் ஓய்ந்துபோனான். வந்து அவனை உட்கார வை.’

அண்ணன்

•

ஜூன் 20

அண்ணனுக்கு,

தாள் கிடைத்தது. அது என்னிடம் இருக்கட்டும். ‘வா’ என்பதைப் படிக்க எனக்கும் யார் உதவியும் தேவைப்படவில்லை.

உட்கார வை என்று எழுதியிருக்கிறார். முயன்று பார்த்தேன். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போய் வந்தேன். என்னால் முடியவில்லை. ரத்து செய்துவிட்டேன்.

இனி எழுத வேண்டாம். இடது கைக்கு வேலை கொடுத்தால் வலது கை மறந்துவிடும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறாரே.

பலகை பார்சலில் வருகிறது. ஜன்னலோரம், உங்கள் தொப்புள் உயரத்தில் மேசை போட்டு அதன்மேல் வையுங்கள். பட்டையை அண்ணி கட்டிவிடட்டும். மாதம் ஒரு முறை சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். இதில் மோட்டார் கிடையாது. நீங்கள் தள்ளும் தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் போகும்.

அப்பாவின் இளைய மகன்